வெண்மையும் வாய்மையும்

நுழையும்முன்

கண்ணைக் கவரும் வெண்மை தூய்மையின் அடையாளமா? உறைகுளிர்ப் பெட்டியில் விற்கப்படும் ஆயத்த உணவின் உறைமீது எண்களால் குறிக்கப்படும் சேர்க்கைப் பொருள்கள் நன்மையா, நஞ்சா? இவ்வினாக்களுக்கு அச்சமும் விடை தராது. விளம்பரமும் விடை தராது. அளவறிந்து ஆராயும் முறையே விடை தரும். கல்வராயன் மலைப்பகுதியில் விளையும் மரவள்ளியைச் சான்றாகக் கொண்டு அம்முறையை விளக்குகிறது இப்பாடம்.

மலையும் கிழங்கும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி கல்வராயன் மலை. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019ஆம் ஆண்டு தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்கு அது மேற்கு அரணாக நிற்கிறது. வெள்ளிமலையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் தினையும் விளைவித்த நிலங்களில் இன்று மரவள்ளியும் விளைகிறது. இவ்வட்டார மக்கள் அதனைக் குச்சிக்கிழங்கு என்றும் அழைப்பர்.

தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இக்கிழங்கு போர்த்துகீசியர் வழியாக இந்தியா வந்தது. 1940களில் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து சவ்வரிசி செய்யும் தொழில் வேரூன்றியது. சவ்வரிசி ஆலைகளை மக்கள் 'சேகோ ஆலை' என்பர். கிழங்கில் உள்ள மாவுச்சத்தின் அளவைப் 'பாயிண்ட்' என்னும் கணக்கால் மதிப்பிட்டே உழவருக்கு விலை தரப்படுகிறது. அகழ்ந்த கிழங்கு ஓரிரு நாளில் கெடத் தொடங்கும் என்பதால், விலை குறைந்தாலும் அதனைச் சேமித்து வைக்க உழவரால் இயலாது.

இயற்கையின் நஞ்சு

'இயற்கையானது எதுவும் தீங்கற்றது. செயற்கையானது எதுவும் தீங்கானது' என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. மரவள்ளியே இதற்கு மறுப்பு. அதில் லினமரின் என்னும் பொருள் இயற்கையாகவே உண்டு. கிழங்கின் திசுக்கள் நசுங்கும்போது அது சிதைந்து ஹைட்ரஜன் சயனைடு என்னும் கொடிய நஞ்சு வெளிப்படும். தோலுரித்தல், அரைத்தல், கழுவுதல், ஊறவைத்தல், வேகவைத்தல், உலர்த்தல் ஆகிய செயல்களே அந்நஞ்சை நீக்குகின்றன. உண்ணத்தகு மரவள்ளி மாவில் அது கிலோவுக்கு 10 மில்லிகிராமைக் கடத்தலாகாது எனப் பன்னாட்டு உணவு நெறி வரையறுக்கிறது. எனவே பொருளின் பிறப்பைக் காட்டிலும், உண்ணும்போது அதில் எஞ்சும் அளவே கருதத்தக்கது.

வெண்மையின் விலை

தோலை முற்றும் நீக்கி, நல்ல நீரில் பன்முறை கழுவி, மாவுப்பாலைத் தெளியவைத்து எடுத்தால் கிடைக்கும் சவ்வரிசி மங்கிய வெண்ணிறம் கொண்டிருக்கும். சந்தையோ பாலினும் வெள்ளிய மணிகளை நாடுகிறது. இவ்விருப்பத்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு, சோடியம் ஹைப்போகுளோரைட் போன்ற வெளுப்பான்களைக் கலக்கும் வழக்கம் சில இடங்களில் புகுந்தது. புகார்கள் எழுந்ததனால் சேலம் வட்டார ஆலைகளில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் பலமுறை ஆய்வு நடத்தியுள்ளனர்.

இங்கு இழப்பு உண்போருக்கு மட்டும் உரியதன்று. நேர்மையாகச் சவ்வரிசி செய்பவர் நிறம் குறைந்ததென விலையை இழக்கிறார். கலப்படச் செய்தி பரவினால் சவ்வரிசியின் தேவை குறைந்து, அதன் சுமை இறுதியில் மலைச்சரிவில் கிழங்கு நட்டவரின் தலைமேல் விழுகிறது.

உறைந்த உணவில் மாவின் பணி

மரவள்ளி மாவு சவ்வரிசியோடு நின்றுவிடுவதில்லை. அதன் மூலக்கூற்று அமைப்பை வேதிமுறையில் சிறிது மாற்றி ஆயத்த உணவுகளில் சேர்ப்பதும் உண்டு. சாதாரண மாவு சேர்ந்த குழம்பு உறைந்து உருகும்போது நீர் தனியே பிரியும். மாற்றம் பெற்ற மாவு நீரைத் தன்னுள் பிணைத்து வைக்கும். ஐ.என்.எஸ். 1422, 1442 ஆகிய எண்கள் இத்தகைய மாவுகளைக் குறிப்பன.

கழிப்பாகை 18 டிகிரி செல்சியசில் நுண்ணுயிர்கள் பெருகுவதில்லை. ஆகவே முறையாக உறைய வைத்த உணவைக் காப்பது பெரும்பாலும் குளிரே. அதில் சேர்க்கைப் பொருள்கள் மிகுதியும் பதத்திற்காகவும் நிறத்திற்காகவும் சுவைக்காகவும் இடம்பெறுகின்றன. குளிர் இடையில் அறுந்து உணவு உருகிவிட்டால், எந்த எண்ணைக் காட்டிலும் கிருமியே பெருந்தீங்காகும்.

அளவே நஞ்சு

16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுவிட்சர்லாந்து மருத்துவர் பாராசெல்சஸ், ஒரு பொருளை நஞ்சாக்குவது அதன் அளவே என்றார். அக்கருத்தின்மீதே இன்றைய மதிப்பீடு எழுந்துள்ளது. உணவு வேளாண்மை அமைப்பும் உலக நலவாழ்வு அமைப்பும் இணைந்து நடத்தும் வல்லுநர் குழு 1956 முதல் இப்பணியைச் செய்கிறது.

முதற்படியில் பொருளின் தூய்மையும், அதனைச் செய்யும்போது எஞ்சும் வேதிப்பொருள்களும் ஆராயப்படும். அடுத்து, உடல் அதனை எவ்வாறு ஏற்கிறது, சிதைக்கிறது, வெளியேற்றுகிறது என்பது அறியப்படும். பின்னர் விலங்குகளிடம் குறுகிய கால, நீண்ட கால ஆய்வுகள் நிகழும். மரபணுவுக்கோ வழித்தோன்றல்களுக்கோ கேடு உண்டா என்பதும் நோக்கப்படும். இவற்றிலிருந்து, தீய விளைவு எதுவும் தோன்றாத மிகுந்த அளவு கண்டறியப்படும்.

அவ்வளவு பொதுவாக 100 ஆல் வகுக்கப்படும். விலங்குக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாட்டிற்குப் பத்து. மனிதருக்குள் முதியோர், குழந்தை, நோயாளி என்னும் வேறுபாட்டிற்குப் பத்து. இவ்வாறு கிடைப்பதே 'ஏற்கத்தகு அன்றாட அளவு'. வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் உண்டாலும் குறிப்பிடத்தக்க தீங்கு நேராது எனக் கருதப்படும் அளவு இது.

ஒரு கணக்கு

வெளுக்கவும் கெடாமல் காக்கவும் பயன்படும் கந்தக டை ஆக்சைடு, சல்பைட்டு ஆகியவற்றுக்கு இவ்வளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.7 மில்லிகிராம். 50 கிலோ எடையுள்ள மாணவருக்கு இது நாளொன்றுக்கு 35 மில்லிகிராம். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 14 மில்லிகிராம். கிலோவுக்கு 100 மில்லிகிராம் எஞ்சிய உணவொன்றை இருவரும் 150 கிராம் உண்பதாகக் கொண்டால், ஒவ்வொருவர் உடலிலும் 15 மில்லிகிராம் சேரும். மாணவருக்கு அது பாதிக்கும் குறைவு. குழந்தைக்கோ வரம்பு மீறல். ஒருநாள் மீறியதால் உடனே நோய் வந்துவிடாது. நாள்தோறும் மீறுவதே கவலைக்குரியது. ஆயினும் ஆஸ்துமா உடையோர் சிலருக்குச் சிறிதளவு சல்பைட்டும் மூச்சுத்திணறலைத் தரக்கூடும்.

ஆகவே ஓர் உணவை மட்டும் நோக்கி முடிவு செய்தல் பொருந்தாது. ஒருவர் ஒருநாளில் உண்ணும் அனைத்திலிருந்தும் சேரும் தொகையே கணக்கிடப்பட வேண்டும்.

மாறும் தீர்ப்பு

அறிவியலின் தீர்ப்பு கல்வெட்டன்று. ரொட்டி மாவில் பல்லாண்டுகள் சேர்க்கப்பட்ட பொட்டாசியம் புரோமேட்டு, புற்றுநோய் ஐயத்தால் 2016இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் உணவிலிருந்து விலக்கியது; பன்னாட்டு வல்லுநர் குழுவோ 2023இல் அதற்கு வரம்பு தேவையில்லை என்னும் தன் பழைய கருத்தை உறுதி செய்தது. சான்று ஒன்றாயினும் அதனை எடைபோடும் எச்சரிக்கையின் அளவு வேறுபடலாம்.

அனுமதி பெற்ற பொருளை அளவோடு சேர்ப்பதும், அனுமதியற்றதைக் கலப்பதும் ஒன்றல்ல. துணிச்சாயமான ரோடமின்-பி கலந்த பஞ்சுமிட்டாயைத் தமிழ்நாடு அரசு 2024 பிப்ரவரியில் தடை செய்தது இரண்டாம் வகைக்குச் சான்று. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006 இவ்விரண்டையும் கண்காணிக்க வழிசெய்கிறது. எனினும் மங்கிய நிறச் சவ்வரிசியைத் தயங்காது ஏற்கும் வீட்டின் தெளிவு இல்லாதவிடத்துச் சட்டமும் முழுப்பயன் தருவது அரிது. வெண்மையைக் கண் காணும். வாய்மையை அறிவே காணும்.

தெரிந்து தெளிவோம்

உணவில் சல்பைட்டு கிலோவுக்கு 10 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், ஒவ்வாமை தரும் பொருளாக அதனை உறைமீது அறிவித்தல் வேண்டும் என்பது இந்திய விதி.

கற்பவை கற்றபின்

1. வீட்டில் உள்ள மூன்று உணவு உறைகளில் காணப்படும் ஐ.என்.எஸ். எண்களைத் தொகுத்து, அவை செய்யும் பணியை வகைப்படுத்துக.
2. 'நிறம் மங்கிய சவ்வரிசியே நல்லது' என்னும் தலைப்பில் வணிகருக்கும் நுகர்வோருக்கும் இடையே நிகழும் உரையாடலை எழுதுக.

குறுவினா: மரவள்ளியின் இயற்கை நஞ்சை நீக்கும் செயல்கள் யாவை?

சிறுவினா: ஏற்கத்தகு அன்றாட அளவைக் காண 100 ஆல் வகுப்பது ஏன்?

நெடுவினா: வெண்மை நாட்டம் உழவர், ஆலையர், நுகர்வோர் ஆகியோர் வாழ்வைத் தாக்கும் திறத்தை ஆராய்க.