அவர் அழவே இல்லையே!

கேள்வி: பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தைக்கு இதயத்துடிப்பு இல்லை என்றார்கள். மருந்து கொடுத்து, பிரசவம் போலவே வலி வந்துதான் வெளியே வந்தது. என்னிடம் காட்டவில்லை. கணவரும் மாமனாரும் எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் எனக்குப் பால் கட்டிக்கொண்டது. நான்கு மாதமாகியும் அழுகை நிற்கவில்லை. அவரோ ஒருநாள்கூட அழவில்லை. ராத்திரி பத்து மணிக்கு வருகிறார், சாப்பிட்டதும் செல்போன். கேட்டால் ‘நடந்தது நடந்துபோச்சு’ என்கிறார். ‘வண்டியில போனதாலதான்’ என்கிறார் மாமியார். அம்மா வீட்டுக்கே போய்விடலாமா என்றிருக்கிறது.
- வாசகி, திருப்பூர் மாவட்டம்

பதில்: முதலில் மாமியார் பேச்சை முடித்துவிடுவோம். வண்டியில் வேலைக்குப் போய்வந்ததால் குழந்தையின் இதயத்துடிப்பு நிற்காது. குரோமோசோம் கோளாறு, நஞ்சுக்கொடிச் சிக்கல், தொற்று, கட்டுப்படாத சர்க்கரை எனக் காரணங்கள் வேறு. பல நேரம் சோதித்தும் காரணம் பிடிபடாது. உங்கள் மேல் தப்பில்லை.

இனி கணவர். குழந்தையைப் புதைத்தவர் அவர்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாம் மாதக் குழந்தை ஏறக்குறைய கால் கிலோ இருக்கும். முகமும் விரல்களும் தெரியும். துணியில் சுற்றியதைக் கையில் வாங்கிய மனிதரிடம், அன்று என்ன பார்த்தாய் என்று இதுவரை யாராவது கேட்டார்களா? ‘நீ தைரியமா இருந்தாத்தான் அவளைத் தேத்த முடியும்’ என்று பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அதைத்தான் அவர் செய்துகொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன், கொஞ்சம் அளவுக்கு மீறியே. சட்டம்கூட அவரைக் கண்டுகொள்ளவில்லை: கரு கலைந்தால் பெண்ணுக்கு 6 வாரம் சம்பளத்துடன் விடுப்பு என்று மகப்பேறு நலச் சட்டத்தில் 1961-லேயே எழுதிவிட்டார்கள். கணவனுக்கு அதில் ஒரு வரியும் கிடையாது. (அந்த 6 வாரம் உங்களுக்காவது கிடைத்ததா?)

உங்களுக்குப் பால் கட்டியது அவருக்குத் தெரியுமா? நம் வீடுகளில் அது பெண்களுக்குள்ளேயே பேசி முடிகிற சங்கதி. அவரிடம் அதைச் சொல்லுங்கள். ‘ஏன் அழலை’ என்று கேட்காமல், ‘அன்னைக்கு நீங்க பார்த்ததை எனக்குச் சொல்லுங்க’ என்று கேளுங்கள். வீட்டுக்குள் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை இருவருமாக வெளியே போய்ப் பேசுங்கள். அவர் வாய் திறக்காவிட்டால் விட்டுவிட்டு இன்னொரு நாள் கேளுங்கள். புதைத்த இடத்தைப் பார்க்க ஆசையிருந்தால் கூட்டிப்போகச் சொல்லுங்கள். ‘அங்கெல்லாம் போகக் கூடாது’ என்று யாராவது சொல்வார்கள். போகலாம்.

அம்மா வீட்டுக்கும் தாராளமாகப் போங்கள், கோபித்துக்கொண்டு அல்ல, சொல்லிவிட்டு. பத்து நாள் இருந்துவிட்டு வாருங்கள். ஆனால் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் பொறுக்காதீர்கள்; உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். கணவர் புதிதாகக் குடிக்க ஆரம்பித்திருந்தால் அவருக்கும் இதே எண்தான்.

‘அடுத்தது எப்போ?’ என்று இந்நேரம் கேட்க ஆரம்பித்திருப்பார்கள். அதை நீங்கள் இருவரும் உங்கள் டாக்டருமாக முடிவு செய்யுங்கள். மாமியாருக்கு அதில் ஓட்டு இல்லை.