இட்லித் தட்டும் கேம் ஓவியரும்

டொராண்டோவில் உருவாகி 2023இல் வெளிவந்த 'வெண்பா' வீடியோ கேமின் களம், கனடாவில் குடியேறிய தமிழ்த் தாய் ஒருவரின் சமையலறை. சிதைந்த சமையல் குறிப்பேட்டைக் கொண்டு, ஆவி எல்லாவற்றுக்கும் சேரும்படி இட்லித் தட்டுகளை அடுக்க வேண்டும். அந்தத் தட்டையும் ஓர் ஓவியர்தான் வரைய வேண்டும்!

மேல்மலையனூர் வட்டாரப் பள்ளிகளில் ஒரு பாடவேளை போதும். மாசி மயானக்கொள்ளையில் வேடமிட்ட ஒருவரை முன், பக்கவாட்டு, பின் என மூன்று கோணங்களில் வரையச் சொல்லுங்கள். மூன்றிலும் உயரமும் அணிகலனும் ஒத்துவர வேண்டும். மாணவர் திணறுவது இங்கேதான். கேம் ஓவியரின் அன்றாட வேலையும் இதுவே. அழகு பிறகு வரட்டும்.

பிளஸ் டூவுக்குப் பின் சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உண்டு. "படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?" எனக் கேட்கும் பெற்றோரிடம், 'வெண்பா' 2024இல் பாஃப்டா விருது பெற்றதைச் சொல்லலாம், மாணவரின் மூன்று படங்களையும் காட்டலாம்.