எலிக்காய்ச்சற் கிருமியும் அதன் உணவும்

வன்னிப் பெருநிலத்தில் காலபோக மழை பெய்து வயல்கள் சேறாகும்போது எலிக்காய்ச்சல் பற்றிய அச்சமும் உடன் எழுகின்றது. எலி முதலிய விலங்குகளின் சிறுநீர்வழி நீரிற் கலக்கும் லெப்டோஸ்பைரா என்னும் சுருட் கிருமி, கமக்காரரின் காற்புண்ணூடே குருதியை அடையும். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000 பேருக்கு மேல் இந்நோய்க்கு ஆளாயினர் என ஐயுறப்பட்டது; ஏறக்குறைய 200 பேர் மாண்டனர்.

இக்கிருமியை ஆய்வுகூடத்தில் வளர்த்தல் எளிதன்று. பல கிருமிகளுக்கு இறைச்சிச் சாறும் பெப்டோனும் அகாரும் போதும். ஹீமோபிலஸ் போன்ற சிலவற்றுக்கோ சூடாக்கிய குருதியும் வேண்டும். அவ்வூடகத்துக்கு நிறம்பற்றிச் சொக்கிளேற் அகார் என்று பெயர். சொக்கிளேற் அதில் அணுவளவும் இல்லை!

லெப்டோஸ்பைராவின் தேவை இன்னும் நுட்பமானது. அது சர்க்கரையை நாடாது. நீண்ட சங்கிலிக் கொழுப்பமிலங்களையே உண்ணும். ஆயின் அவ்வமிலங்கள் கட்டின்றி மிகுந்தால் அதற்கே நஞ்சாகும். முன்னாளில் முயலின் குருதிச் சீரத்தைச் சேர்த்து இவ்விடரை ஒருவாறு தீர்த்தனர். 1965இல் எலிங்ஹவுசனும் மக்கலோவும் அமைத்து, 1967இல் ஜோன்சனும் ஹாரிசும் திருத்திய ஊடகத்தில் ருவீன் 80 கொழுப்பமிலத்தை அளிக்கின்றது. மாட்டுச் சீர அல்புமின் அதனைப் பற்றிவைத்துச் சிறிது சிறிதாக விடுகின்றது, தாய் கஞ்சியை ஆற்றி ஊட்டுமாப்போல. உயிர்ச்சத்து பி1, பி12, இரும்பு என்பனவும் உண்டு. இத்தனை இருந்தும், ஏறத்தாழ 30 பாகை வெப்பத்தில் 3 மாதம்வரை வைத்து, இருட்புல நுணுக்குக்காட்டியால் இடையிடையே பார்த்தல் வேண்டும்.

அதுவரை நோயாளி காத்திரான். ஐயம் எழுந்தவுடனேயே வைத்தியர் மருந்து கொடுத்தல் வேண்டும். பின்னர் வளர்ப்பது எதற்கு? இந்நோயைத் துணியும் குருதிச் சோதனையில் உயிருள்ள கிருமிகளையே நோயாளியின் சீரத்துடன் கலந்து, அவை ஒட்டித் திரள்கின்றனவா என நோக்குவர். இக்கிருமியில் 200க்கு மேற்பட்ட வகைகள் உள. நம் வயலில் உள்ள வகை அச்சோதனைத் தொகுதியில் இல்லையேல், நோய் இருந்தும் இல்லையென்று விடை வரக்கூடும். பிறநாட்டுக் கிருமிகளைக் கொண்டுமட்டும் நம்மவர் குருதியை அளப்பது போதாது என்பது எமது துணிபு.

ஆதலின் முதல் வாரத்தில், நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்குமுன், குருதி எடுத்தல் வேண்டும். ஊடகத்தில் ஓரிரு துளியே விடுக. மிகுந்தால் குருதியிலுள்ள பொருள்களே வளர்ச்சியைத் தடுக்கும். தொலைவிலுள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்புவோர் பனிக்கட்டியில் வைத்தலும் ஆகாது. இக்கிருமி குளிரைப் பொறாது. இரண்டாம் வாரமாயின் சிறுநீரிற் தேடலாம். அதனையும் தாமதமின்றி ஊடகத்தில் இடுதல் வேண்டும், அமிலச் சிறுநீரில் அது விரைந்து மடியும்.