எண் உள்ளவையும் எண் இல்லாதவையும்: உணவிலும் வீட்டுப் பொருட்களிலும் இரசாயனங்கள்

உணவுப் பொதிகளின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சிடப்படும் மூன்றிலக்க எண்களைப் பற்றிய அச்சம் தமிழ்க் குடும்பங்களிடையே பரவலாகக் காணப்படுகின்றது. இன்ன எண் இருந்தால் வாங்க வேண்டாம் என்று எச்சரிக்கும் பட்டியல்கள் கைத்தொலைபேசிகளில் ஓயாது சுற்றி வருகின்றன. அதே வீடுகளில் குளியலறையைக் கழுவும்போது இருவகைத் திரவங்களை ஒன்றாக ஊற்றுவதும், கற்பூரப் பெட்டியைக் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் வைப்பதும், ஊரிலிருந்து வந்த மருந்துருண்டையை உள்ளடக்கம் அறியாமலே பிள்ளைக்குக் கொடுப்பதும் எந்த அச்சமுமின்றி நடைபெறுகின்றன. அச்சத்தின் அளவு பிழையன்று. அது போய்ச் சேர்ந்த இடமே பிழை.

அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பொதுவான உணவுத் தர விதித்தொகுப்பு ஒன்று நடைமுறையில் உள்ளது. பொதியில் அடைக்கப்பட்ட உணவில் சேர்க்கைப் பொருள் இருப்பின், அது செய்யும் வேலையையும், அதன் பெயரையோ எண்ணையோ உள்ளடக்கப் பட்டியலில் குறிப்பிடுதல் வேண்டும். இவ்வெண் வரிசையின் தொடக்கத்தில் உள்ள 100, மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்குமின் ஆகும். 260 வினாகிரியின் அமிலம், 300 விற்றமின் சி, 330 எலுமிச்சையில் உள்ள சிற்றிக் அமிலம், 500 அப்பச்சோடா. எனவே எண் என்பது நஞ்சின் முத்திரை அன்று. அனுமதி பெற்ற ஒரு பொருளின் அடையாள இலக்கம் மட்டுமே. உள்ளடக்கப் பட்டியல் நிறையின் இறங்குவரிசையில் எழுதப்படுகின்றது என்பதையும் நினைவிற் கொள்ளலாம். பட்டியலின் கடைசியிலுள்ள எண்ணைத் தேடிக் கவலையுறுபவர், முதலாவது அல்லது இரண்டாவது இடத்தில் நிற்கும் சீனியைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

எனினும் சிலருக்கு இந்த எண்கள் இன்றியமையாதவை. ஆஸ்துமா உள்ளவர்கள் 220 முதல் 228 வரையுள்ள சல்பைற்றுகளை அறிந்திருத்தல் வேண்டும். இவை சிலரிடம் மூச்சுத்திணறலைத் தூண்டக்கூடியவை. உலர்ந்த அப்ரிகொட் பழம், வைன், சொசேஜ் ஆகியவற்றில் இவை இருப்பது பலருக்கும் தெரியும். தமிழ்ச் சமையலறையில் நாள்தோறும் புழங்கும் உலர்ந்த தேங்காய்த் துருவலிலும், கருமை படராதிருக்கப் பதப்படுத்தப்பட்ட இறாலிலும் 223 இருக்கக்கூடும் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் சேர்க்கப்பட்டால் அதனைக் கட்டாயம் அறிவித்தல் வேண்டும். பொதியின்றி விற்கப்படும் இறாலுக்கு லேபிள் இல்லை. ஆனால் வாடிக்கையாளர் கேட்டால் விற்பனையாளர் விடையளிக்கக் கடமைப்பட்டவர். கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை. பச்சையாக அரைத்த இறைச்சியில் சல்பைற்று சேர்ப்பதற்கு இந்நாட்டில் அனுமதியே இல்லை.

மரக்கறி உணவினருக்கும் எண்கள் உதவுகின்றன. 120 என்பது ஒருவகைப் பூச்சியிலிருந்து பெறப்படும் சிவப்பு நிறம். 471 தாவரக் கொழுப்பிலிருந்தோ விலங்குக் கொழுப்பிலிருந்தோ வரலாம். எதிலிருந்து என்பது எண்ணிலிருந்து தெரியாது. விரத காலத்தில் இதனைத் தயாரிப்பாளரிடம் விசாரித்து அறிவோரும் உள்ளனர்.

செயற்கை நிறங்கள் பற்றிய கவலைக்கு மட்டும் ஓரளவு ஆதாரம் உண்டு. பிரித்தானியாவின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007 இல் வெளியிட்ட ஆய்வில், சில செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோயேற்றும் கலந்த பானத்தை அருந்திய சிறுவர்களிடம் துடிப்பு மிகுதி சற்றுக் கூடியதாகக் கண்டனர். இதன் தொடர்ச்சியாக 102, 110 உள்ளிட்ட ஆறு நிறங்களைக் கொண்ட உணவுகளுக்கு எச்சரிக்கை வாசகம் தேவை என்ற விதி 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்தது. அவுஸ்திரேலியாவில் அத்தகைய வாசகம் கட்டாயமில்லை. தம் பிள்ளையிடம் வேறுபாட்டைக் காணும் பெற்றோர் இந்நிறங்களைத் தவிர்த்துப் பார்ப்பதில் தவறேதும் இல்லை. ஆனால் தொழிற்சாலை இனிப்பில் சேரும் நிறத்துக்கு ஓர் உச்ச வரம்பாவது உண்டு. வீட்டில் கேசரிக்கும் லட்டுக்கும் தூவப்படும் நிறத்தூளுக்குக் கண்மட்டமே அளவு.

இனி, எண் இல்லாதவை. இவற்றுள் முதன்மையானது ஈயம். ஈயம் வளரும் குழந்தையின் மூளையைப் பாதிக்கும்; அதற்குத் தீங்கற்ற அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை. வங்காளதேசத்தில் மஞ்சளுக்குப் பளபளப்பான நிறம் ஏற்றுவதற்கு ஈயக் குரோமேற்று என்னும் மஞ்சள் வண்ணப்பொருள் பூசப்பட்டு வந்ததை ஆய்வாளர்கள் 2019 இல் வெளிப்படுத்தினர். அவ்வாண்டு சந்தை மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் காணப்பட்டது. அரசு சந்தைகளைச் சோதித்துத் தண்டம் விதித்த பின்னர், 2021 இல் அது பூச்சியமாகக் குறைந்தது. வண்ணம் கிழங்கின் மேலேயே பூசப்பட்டமையால், முழு மஞ்சளை வாங்கி வீட்டில் அரைப்பதும் போதிய காப்பாகாது. இந்நாட்டுக் கடைகளில் விற்கப்படும் இறக்குமதிப் பொதிகளில் இறக்குமதியாளரின் பெயரும் இந்நாட்டு முகவரியும் இருத்தல் வேண்டும். குறையொன்று தெரிய வந்தால் பொருளைத் திருப்பி அழைக்க வழி உண்டு. பயணப் பெட்டியில் வந்த பெயரற்ற தூளுக்கு அவ்வழி இல்லை.

மருந்துகளிலும் இதே நிலைதான். அமெரிக்காவின் பொஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கப்பட்ட, தெற்காசியாவில் தயாரிக்கப்பட்ட 70 ஆயுர்வேத மருந்துகளை ஆராய்ந்தவர்கள் அவற்றுள் 14 இல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்ததாக 2004 இல் அறிவித்தனர். பற்பம், செந்தூரம் போன்றவற்றில் உலோகம் சேர்வது பாரம்பரிய முறையின் ஒரு பகுதியே என்பதால் இது வியப்புக்குரியதன்று. அவற்றைக் குழந்தைக்கோ கருவுற்ற தாய்க்கோ கொடுப்பது குறித்தே எச்சரிக்கை வேண்டும். இந்நாட்டில் விற்பனைக்குப் பதிவு பெற்ற மருந்தின் உறையில் 'ஆஸ்ட்' என்று தொடங்கும் பதிவு இலக்கம் காணப்படும். கண்ணுக்கு இடும் சுர்மாவும் கவனத்துக்குரியது. அது ஈயக் கனிமத்திலிருந்து அரைக்கப்படுவது உண்டு. பிள்ளைக்கு ஈயம் சேர்ந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால் குடும்ப மருத்துவரிடம் கூறி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். ஈயம் தொடக்கத்தில் வெளிப்படையான அறிகுறி எதையும் காட்டாதிருக்கலாம். பரிசோதனையே அதைக் காட்டும்.

துப்புரவுத் திரவங்களின் தீங்கோ சில நிமிடங்களில் நேர்வது. பிளீச்சுடன் அமிலம் கலந்த கழிப்பறைத் திரவமோ, வினாகிரியோ சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். 1915 இல் முதலாம் உலகப் போர்க்களத்தில் ஆயுதமாகப் பயன்படுத்தப்பட்ட வாயு இதுவே. பிளீச்சுடன் அமோனியா கலந்தால் குளோரமின் என்னும் வேறொரு நச்சு வாயு உண்டாகும். சில கண்ணாடி துடைக்கும் திரவங்களில் அமோனியா உண்டு. இரண்டும் சேர்ந்தால் இருமடங்கு சுத்தம் என்பது தவறான எண்ணம். சன்னலற்ற குளியலறையில் இது மிகவும் ஆபத்தானது. கண்ணெரிவும் இருமலும் தொடங்கினால் அவ்விடத்தை விட்டு உடனே வெளியேறித் தூய காற்றுக்கு வருதல் வேண்டும். கலவையைக் கழுவிவிட முயன்று உள்ளே நிற்றல் கூடாது. திரவங்களைக் குளிர்பானப் போத்தல்களில் மாற்றி வைக்கும் வழக்கமும் கைவிடப்பட வேண்டியது. தாகமுற்ற பிள்ளை போத்தலின் வடிவத்தைத்தான் பார்க்கும்.

கற்பூரத்தைப் பற்றித் தனியே கூற வேண்டும். தமிழ் வீடுகளில் அது புனிதப் பொருள். ஆகையால் நஞ்சுப் பொருட்களின் வரிசையில் அதை எவரும் நினைப்பதில்லை. ஆனால் வெண்ணிறக் கற்பூரக் கட்டி சிறு பிள்ளையின் கண்ணுக்குக் கற்கண்டாகத் தோன்றும். சிறிதளவு விழுங்கினாலும் சில நிமிடங்களிலேயே வலிப்பு ஏற்படலாம். பூசைக்குப் பின் பெட்டியை மூடி, பூட்டிய அல்லது எட்டாத அலுமாரியில் வைத்தல் வேண்டும். புடவைகளுக்கிடையே வைக்கப்படும் நாப்தலீன் உருண்டைகளும் அத்தகையவை. ஜி6பிடி என்னும் நொதியம் குறைவாக உள்ள குழந்தைகளில் அதன் ஆவி குருதிச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். பாட்டியின் பெட்டியில் உருண்டைகளுடன் இருந்த பழைய சேலையில் பச்சிளங் குழந்தையைப் போர்த்துவதைத் தவிர்த்தல் நன்று.

எவரேனும் நஞ்சுப் பொருளை விழுங்கியதாக ஐயம் எழுந்தால், அறிகுறி தோன்றும்வரை காத்திராது 13 11 26 என்ற இலக்கத்தில் நஞ்சுத் தகவல் நிலையத்தை அழைக்கலாம். நாட்டின் எப்பகுதியிலிருந்தும் இருபத்து நான்கு மணி நேரமும் இச்சேவை உண்டு. வாந்தி எடுக்கச் செய்தல் கூடாது. பொருளின் உறையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது விடையை விரைவாக்கும். ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோர் 131 450 என்ற இலக்கத்தை அழைத்துத் தமிழ் உரைபெயர்ப்பாளரின் துணையைக் கேட்கலாம். மூச்சு விட முடியாமலோ, வலிப்புடனோ, நினைவிழந்தோ இருப்பவருக்கு முதல் அழைப்பு 000.

வேண்டாத பழைய துப்புரவுத் திரவங்களையும் பூச்சிகொல்லிகளையும் வண்ணப்பூச்சுகளையும் கழிவுநீர்க் குழாயிலோ குப்பைத் தொட்டியிலோ போடுதல் ஆகாது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 'ஹவுஸ்ஹோல்ட் கெமிக்கல் கிளீன்அவுட்' என்னும் பெயரில் நடத்தப்படும் சேகரிப்பு நாட்களில் அவற்றைக் கட்டணமின்றி ஒப்படைக்கலாம். பயன்படுத்தாத, காலாவதியான மருந்துகளை அருகிலுள்ள மருந்தகத்தில் கொடுத்துவிடலாம். திரவங்களை மூலப் போத்தலிலேயே, மூடி இறுக்கப்பட்ட நிலையில், ஒன்றோடொன்று கலக்காமல் எடுத்துச் செல்லுதல் வேண்டும்.