பின்னொளி

ஞாயிறு மேல்பால் மறைந்த பின்னும் வானத்தில் செந்நிறம் சிறிது போழ்து நின்று, பின்னர் மெல்ல மெல்ல அடங்குவதை யாவரும் கண்டிருப்பர். அதனைச் செக்கர் என்று தமிழர் பெயரிட்டு வழங்கினர். ஞாயிறு மறைந்ததைக் காணாத ஒருவனும் செக்கரைக் கண்ட மாத்திரத்தில் அஃது எத்திசையில் மறைந்தது என்பதை ஐயமின்றிக் கூறிவிடுவான். வானவெளியில் மிகத் தொலைவில் நிகழும் சில பெருவெடிப்புகளும் இவ்வாறே தம் பின்னே மங்கியதோர் ஒளியை விட்டுச் செல்கின்றன. வானநூலார் அதனைப் பின்னொளி என்பர். வெடிப்பு முதன்முதல் அறிகருவியிற் பதிந்த நாளிலிருந்து அதன் பின்னொளியைக் கண்டுபிடிக்கும்வரை முப்பதாண்டுகள் கழிந்தன.

அவ்வெடிப்புகள் அறியப்பட்ட வரலாறு வியப்பிற்குரியது. 1963 ஆம் ஆண்டில் அமெரிக்கா, சோவியத்து ஒன்றியம், பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகளும் வளிமண்டலத்திலும் கடலடியிலும் வான்வெளியிலும் அணுகுண்டுச் சோதனை நிகழ்த்துவதில்லை என்று உடன்படிக்கை செய்துகொண்டன. உடன்படிக்கையில் கையொப்பம் இட்டனரேயன்றி, ஒருவர்மீது ஒருவர்க்கு நம்பிக்கை பிறந்துவிடவில்லை. எவரேனும் மறைவாக வான்வெளியில் குண்டு வெடித்தால் அதனை அறிதல் வேண்டி, அமெரிக்கா ‘வேலா’ என்னும் துணைக்கோள்களை இரண்டிரண்டாகச் செலுத்தியது. அணுகுண்டு வெடிக்கும்போது காமாக் கதிர்கள் தோன்றும். ஆதலின் அக்கதிர்களை உணரும் கருவிகள் அத்துணைக்கோள்களில் பொருத்தப்பட்டிருந்தன.

1967 ஆம் ஆண்டு சூலை 2 ஆம் நாள் வேலாக் கோள்களின் கருவிகளில் காமாக் கதிர்வீச்சு ஒன்று பதிந்தது. அதன் ஏற்ற இறக்கம் அணுகுண்டிற்கு உரியதாக இல்லை. லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ரே கிளெபசாடல், ராய் ஆல்சன் என்பார் 1969 இல் பழைய பதிவுகளைப் பொறுமையுடன் புரட்டிப் பார்த்தபோதே இது வெளிப்பட்டது. பின்னர்ச் செலுத்திய கோள்களில் காலத்தை நுண்ணிதாக அளக்கும் வசதி இருந்தது. ஒரே வீச்சு ஒரு கோளை முன்னும் மற்றொரு கோளைப் பின்னும் அடைந்த கால வேறுபாட்டைக் கொண்டு, அஃது எத்திசையிலிருந்து வந்தது என்று ஒருவாறு கணித்தனர். அது நிலவுலகிலிருந்து வரவில்லை, ஞாயிற்றிலிருந்தும் வரவில்லை. இவ்வாறு மூன்றாண்டுகளில் பதிந்த 16 வெடிப்புகளைப் பற்றி 1973 இல் அவர்கள் இயன் ஸ்ட்ராங் என்பாருடன் சேர்ந்து கட்டுரை வெளியிட்டனர். பகைவரின் குண்டைக் காண வைத்த கண், வானத்தின் வெடிப்பைக் கண்டது.

வெடிப்பு உண்டு என்பது தெளிவாயிற்று. எங்கே என்பதுதான் தெரியவில்லை. காமாக் கதிரின் இயல்பே இதற்குக் காரணம். கண்ணாடி வில்லையும் குழியாடியும் கட்புலனாகும் ஒளியைக் குவித்துத் தருதல்போலக் காமாக் கதிரைக் குவித்துத் தருவதில்லை. ஊடுருவிச் செல்லுதலே அதன் தன்மை. எனவே, ‘வானத்தின் இந்தப் பகுதியிலிருந்து வந்தது’ என்று பருமட்டாகக் கூற இயலுமேயன்றி, ‘இந்த மீனிலிருந்து வந்தது’ என்று சுட்டிக் காட்ட இயலாது. முழுமதியின் அகலம் அரைப் பாகை. அக்காலக் கருவிகளோ பல பாகை அகலமுள்ள பரப்பைக் காட்டின. அத்துணைப் பரப்பில் பெரிய தொலைநோக்கிக்குத் தென்படும் விண்மீன்களும் அண்டங்களும் இலட்சக்கணக்கானவை. அவற்றுள் எது வெடித்தது என்று எவர் சொல்ல வல்லார்?

1991 இல் அமெரிக்கா செலுத்திய காம்ப்டன் என்னும் காமாக் கதிர் ஆய்வுக்கோள் ஒன்பது ஆண்டுகளில் 2,704 வெடிப்புகளைப் பதிவு செய்தது. அவை வானம் முழுவதும் ஒரே சீராகப் பரவியிருந்தன. தென்னந்தோப்பின் ஓரத்தில் நிற்பவன் ஒரு பக்கத்தில் மரங்கள் மிகுந்தும் மறு பக்கத்தில் குறைந்தும் இருக்கக் காண்பான். நம் ஞாயிறு பால்வழி அண்டத்தின் நடுவில் இல்லாமையால், வெடிப்புகள் அவ்வண்டத்து விண்மீன்களிடையே நிகழ்வன என்றால் அவையும் அவ்வாறே ஒரு பக்கம் மிகுந்து தோன்றியிருத்தல் வேண்டும். அங்ஙனம் தோன்றவில்லை. ஆகவே, அவை பால்வழிக்கு அப்பால், கோடானுகோடி ஒளியாண்டுத் தொலைவில் நிகழ்வன என்று போதான் பச்சின்ஸ்கி வாதித்தார். பால்வழியைச் சூழ்ந்துள்ள மிகப் பரந்த வெளிவட்டத்திலிருந்தே அவை வருகின்றன என்று டொனால்டு லாம் மறுத்தார். 1995 ஏப்பிரலில் வாசிங்டன் நகரில் அவையோர் முன்னிலையில் இருவரும் சொற்போர் நிகழ்த்தினர். மார்ட்டின் ரீஸ் நடுவராக அமர்ந்தார். முடிவு பிறக்கவில்லை. பிறவாமைக்கு அவர்தம் வாதத்திறன் குறைவு காரணமன்று. ஒரேயொரு வெடிப்பின் இடமாவது திட்டமாகத் தெரியாதவரை, எவ்வளவு கற்றவர் வாதித்தாலும் அவ்வழக்குத் தீராது.

அவ்விடத்தைக் காட்டவல்லது பின்னொளியே என்று சிலர் முன்னரே கணித்திருந்தனர். வெடிப்பிலிருந்து பொருள் ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் பீறிட்டுப் பாய்கின்றது. அது சுற்றிலும் உள்ள மெல்லிய வாயுவின்மீது மோத, அவ்வாயுவில் உள்ள எலெக்ட்ரான்கள் பெருவேகம் கொண்டு காந்தப் புலத்தில் சுழன்று ஒளி வீசுகின்றன. பாய்ச்சலின் வேகம் தணியத் தணிய அவ்வொளியும் தணிகின்றது. முதலில் எக்ஸ் கதிராகவும், பின்னர்க் கட்புலனாகும் ஒளியாகவும், நெடுநாள் சென்றபின் ரேடியோ அலையாகவும் அது விளங்கும். இவ்வகையில் செக்கரை உவமை கூறுவது முற்றும் பொருந்தாது. செக்கர், மறைந்த ஞாயிற்றின் ஒளியே. பின்னொளியோ மோதலால் புதிதாகப் பிறப்பது. கொல்லன் உலையிலிருந்து எடுத்த இரும்பு வெண்மை நீங்கிச் செம்மையாகிப் பின் கருமையாவதை ஒப்பிட்டால் ஓரளவு பொருந்தும். ஏறத்தாழக் காலம் இரு மடங்காகும்போது ஒளி பாதியாகக் குறையும். ஆகையால், விரைந்து தொலைநோக்கியைத் திருப்பாதவர்க்கு அது கிட்டுதல் அரிது.

1996 ஏப்பிரல் 30 ஆம் நாள் இத்தாலியர், நெதர்லாந்து நாட்டினரின் துணையுடன், ‘பெப்போசாக்ஸ்’ என்னும் துணைக்கோளைச் செலுத்தினர். அதிலே, பல துளைகளையுடைய தகடு ஒன்றைக் கருவியின் முன் பொருத்தி, அத்துளைகளின் நிழற்கோலத்தைக் கொண்டு எக்ஸ் கதிர் வந்த திசையை அறியும் அமைப்பு இருந்தது. கீற்றுப் பந்தலின் இடுக்குகள் வழியே தரையில் விழும் வெயிற்புள்ளிகள் ஞாயிறு சாயச் சாய இடம்பெயர்வதைப் பார்த்திருப்பவர்க்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். முழுமதி அகலத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வரை பிழையின்றி அது திசையைக் காட்டியது. இருப்பினும் முதல் முயற்சிகள் பயன் தரவில்லை. 1997 சனவரி 11 ஆம் நாள் நிகழ்ந்த வெடிப்பைப் பலர் தேடிச் சென்றும் பின்னொளி ஏதும் தென்படவில்லை.

அடுத்த மாதம் 28 ஆம் நாள், கிரீனிச்சுக் கணக்கின்படி விடியற்காலை 3 மணியளவில் மற்றொரு வெடிப்பு நிகழ்ந்தது. திருவாதிரை மீனைத் தன்னகத்தே கொண்ட வேட்டுவன் மண்டலத்தின் திசையிலிருந்து அது வந்தது. காமாக் கதிர்கள் ஒரு நிமிடத்திற்குச் சற்று மேற்பட்ட காலத்திலேயே அடங்கிவிட்டன. இத்தாலியர் துணைக்கோளையே அப்பக்கம் திருப்பினர். எட்டு மணி நேரத்திற்குள் அதன் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிகள் அவ்விடத்தில் புதியதோர் எக்ஸ் கதிர்ப் புள்ளியைக் கண்டன. மூன்று நாள் கழித்து மீண்டும் நோக்கியபோது அது ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது.

இதற்கிடையில் நெதர்லாந்து வானநூலாராகிய யான் வான் பாராடைசின் குழுவினர்க்கும் அச்செய்தி எட்டியது. அவரிடம் ஆராய்ச்சி மாணவராயிருந்த டைட்டஸ் கலாமா, பால் குரூட் ஆகிய இளைஞர் இருவரும் அக்குழுவில் இருந்தனர். பெரிய தொலைநோக்கிகளின் இரவுகள் பல மாதங்களுக்கு முன்னரே இன்னார்க்கு இன்ன இரவு என்று பகிர்ந்தளிக்கப்படுவன. முன்னறிவிப்பின்றி வரும் வெடிப்பிற்கென்று எவரும் இரவை ஒதுக்கி வைப்பதில்லை. எனினும், வெடிப்பு நிகழ்ந்து 21 மணி நேரம் ஆனபோது, ஆப்பிரிக்கக் கரைக்கு மேற்கே கனேரித் தீவுகளுள் ஒன்றாகிய லா பால்மாவில், 4.2 மீட்டர் குறுக்களவுடைய வில்லியம் எர்ச்செல் தொலைநோக்கி அவ்விடத்தைப் படம் எடுத்தது. அன்று எடுத்திராவிடின் முப்பதாண்டுக் காத்திருப்பு மேலும் நீண்டிருக்கும்.

படத்தில் புள்ளிகள் பல இருந்தன. அவற்றுள் எது பின்னொளி என்று அந்த ஒரு படத்தைக் கொண்டு கூற முடியாது. ஏனெனில், எல்லாம் ஒரே தன்மையவாய்த் தோன்றின. மார்ச்சு 8 ஆம் நாள் அதே இடத்தை மறுபடியும் படம் எடுத்தனர். இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்து ஒவ்வொரு புள்ளியாக ஒப்புநோக்கினர். முதற்படத்தில் இருந்த ஒரு புள்ளி இரண்டாம் படத்தில் இல்லை! அப்புள்ளி, எக்ஸ் கதிர் வந்ததாகக் கணித்த சிற்றிடத்திற்குள்ளேயே இருந்தது. முதல் நாளிலேயே அதன் ஒளி, வெறுங்கண்ணால் காணக்கூடிய மிக மங்கிய விண்மீனின் ஒளியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கிற்கு மேல் இல்லை. பிற்பாடு அபிள் விண்வெளித் தொலைநோக்கி அவ்விடத்தை உற்று நோக்கி, மங்கும் புள்ளியின் அருகே மிக மெல்லிய ஒளித்திரள் ஒன்றைக் கண்டது. அது தொலைதூரத்து அண்டம் ஒன்றாதல் வேண்டும் என்று பலர் கருதினர், ஐயுற்றவரும் இருந்தனர்.

அவ்வையம் நெடுநாள் நிற்கவில்லை. 1997 மே 8 ஆம் நாள் தோன்றிய வெடிப்பின் பின்னொளியை, அவாயித் தீவில் மௌனா கீ மலைமேல் உள்ள 10 மீட்டர் கெக் தொலைநோக்கியைக் கொண்டு நிறமாலையாகப் பகுத்தனர். வழியில் இருந்த வாயுவிலுள்ள இரும்பு, மக்னீசியம் ஆகியவற்றால் விளைந்த கருங்கோடுகள், தமக்குரிய இடத்தை விட்டுச் செந்நிறப் பக்கமாகப் பெரிதும் விலகியிருந்தன. அவ்விலகலைக் கொண்டு கணித்தபோது, அவ்வொளி நம்மை வந்து அடைய ஏறத்தாழ 700 கோடி ஆண்டுகளேனும் ஆயிருக்கும் என்று தெரியவந்தது. நாம் வாழும் நிலவுலகு தோன்றி ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகளே ஆகின்றன. நிலவுலகு உருவாவதற்கு முன்னரே புறப்பட்ட ஒளி அது! பச்சின்ஸ்கியின் பக்கமே வழக்கு முடிந்தது.

அதன்பின் தேடல் விரைவுப் போட்டியாயிற்று. துணைக்கோள் உணர்ந்த திசையைச் சில நொடிகளில் உலகெங்கும் அறிவிக்கும் ஏற்பாடு வலுப்பெற்றது. மனிதர் உறக்கம் நீங்கி எழுந்து வருவதற்குள் காலம் கடந்துவிடும் என்பதால், செய்தி வந்தவுடன் தாமே திரும்பும் சிறு தொலைநோக்கிகளை அமைத்தனர். 1999 சனவரி 23 ஆம் நாள், லாஸ் அலமாசில் இருந்த ‘ரோட்சே’ என்னும் கருவி, வெடிப்புத் தொடங்கிய 22 நொடிகளில் படம் எடுத்தது. அக்கருவி நான்கு புகைப்படப் பெட்டி வில்லைகளின் தொகுதியே; விலைமிக்க பேராடி அன்று. ஆயினும் 900 கோடி ஆண்டுகளுக்கு மேல் பயணம் செய்து வந்த அவ்வொளி, அந்நிமிடத்தில் கையடக்கமான இருகண் நோக்கியில் காணத்தக்க பிரகாசத்துடன் இருந்தது. பெருங்கருவிக்கு இயலாததை விரைந்த சிறு கருவி செய்தது.

2004 நவம்பர் 20 ஆம் நாள் செலுத்திய ‘சுவிப்டு’ என்னும் துணைக்கோள், வெடிப்பை உணர்ந்ததும் எவர் ஆணையும் எதிர்பாராது தானே திரும்பி நோக்கும் ஆற்றல் உடையது. 2008 மார்ச்சு 19 ஆம் நாள் அது ஒரு வெடிப்பை அறிவித்தது. அரை மணி நேரத்திற்குள் அதன் அருகிலேயே மற்றொன்று நிகழ்ந்தது. முதலாவதன் பொருட்டு முன்னமே அப்பக்கம் நோக்கிக்கொண்டிருந்த சிலி நாட்டுக் கருவிகள் இரண்டாவதன் ஒளியையும் தொடக்கத்திலிருந்தே பதிவு செய்தன. 700 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து வந்த அவ்வொளி, சில நொடிகள் வெறுங்கண்ணுக்குப் புலனாகும் அளவு ஒளிர்ந்தது. அந்நொடிகளில் அவ்விடத்தைத் தற்செயலாக நோக்கியிருந்தவன், மங்கியதொரு மீன் தோன்றி மறைந்ததாக எண்ணியிருப்பான்.

பின்னொளிகளைத் தொடர்ந்து நோக்கியதால் வெடிப்பின் காரணமும் விளங்கலாயிற்று. 2003 மார்ச்சு 29 ஆம் நாள் வெடிப்பின் பின்னொளி மங்கி வருகையில், மாபெரும் விண்மீன் ஒன்று வெடித்துச் சிதறுவதற்குரிய நிறமாலை அதனூடே தெளிவாகத் தோன்றியது. நெடிய வெடிப்புகள் பெரும்பாலும் விண்மீன்களின் இறுதிக் காலத்தில் நிகழ்வன என்பது இதனால் உறுதி பெற்றது. இரண்டு நொடிக்குள் முடியும் குறுவெடிப்புகளின் செய்தி வேறு. 2017 ஆகத்து 17 ஆம் நாள் ஈர்ப்பலைக் கருவிகள் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் ஒன்றோடொன்று மோதிக் கலந்ததை உணர்ந்தன, 1.7 நொடி கழித்துக் குறுவெடிப்பு ஒன்று பதிந்தது. தேட வேண்டிய பரப்பு ஏறத்தாழ 30 சதுரப் பாகை. சிலியில் லாஸ் கம்பானாஸ் மலைமேல் இருந்த ஒரு மீட்டர்த் தொலைநோக்கியினர், அப்பரப்பிலுள்ள அருகண்டங்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, 11 மணி நேரத்திற்குள் 13 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஓர் அண்டத்தில் அதற்குமுன் இல்லாத புள்ளியைக் கண்டனர். அது, மோதலில் சிதறிய பொருளின் ஒளி. பொன் போன்ற கனமான தனிமங்கள் அத்தகைய சிதறலில் உருவாகின்றன என்பதற்கும் அதுவே சான்று தந்தது.

உலகம் உருண்டையாதலின், ஓரிடத்தில் விடிந்தால் மற்றோரிடத்தில் இருட்டும். மங்கும் ஒளியை இடையறாது தொடர வேண்டுமாயின் எல்லாத் திசையிலும் தொலைநோக்கிகள் இருத்தல் இன்றியமையாதது. கனேரித் தீவுகளுக்கும் கீழை ஆஸ்திரேலியாவிற்கும் இடைப்பட்ட நெடும்பரப்பில் பெருந்தொலைநோக்கிகள் சிலவே. அவ்விடைவெளியை நிரப்புவனவற்றுள் லடாக்கில் ஆன்லே என்னும் ஊரருகே, கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் நிறுவிய 2 மீட்டர் இமாலயச் சந்திரா தொலைநோக்கி ஒன்று. அதனை இயக்குவோர் அக்குளிரில் அமர்ந்திருப்பதில்லை. பெங்களூரை அடுத்த ஒசக்கோட்டையிலிருந்து துணைக்கோள் தொடர்பின் வழியே இயக்குகின்றனர். அதன் அருகிலேயே 70 செ.மீ. குறுக்களவுடைய தானியங்கித் தொலைநோக்கியும் உள்ளது. வெடிப்பு நிகழ்ந்தது என்னும் செய்தி நள்ளிரவில் வந்தால், அது தானே அத்திசை நோக்கித் திரும்பிப் படம் எடுக்கத் தொடங்குகின்றது.