லோகாட்: ஒரே மரம், மூன்று சரக்கு



"மூலிகை", "இயற்கை" என்று அச்சிட்ட பொட்டலங்கள் நாள்தோறும் கடைக்கு வருகின்றன. அவற்றை எப்படி எடைபோடுவது என்பதற்கு லோகாட் மரம் நல்ல பாடம்.

லோகாட்டின் தாயகம் சீனா. ஆப்பிள், பேரிக்காய் வகையைச் சேர்ந்தது. ஜப்பானிலும் ஸ்பெயினிலும் விளைகிறது. நம் நாட்டில் பஞ்சாப், உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட் பகுதிகளில் பயிராகிறது. பழம் சிறியது, மஞ்சள் நிறம், இனிப்பும் புளிப்பும் கலந்த சுவை.

முதல் சரக்கு, பழம். எளிதில் அடிபட்டுக் கறுத்துவிடும். குளிரில் வைத்தால் போதும் என்று எண்ண வேண்டாம். லுவோயாங்சிங் என்னும் சீன ரகத்தை 0 டிகிரி செல்சியசில் வைத்தபோது சதை நாராகி இறுகியது. முதலில் 5 டிகிரியில் 6 நாள் வைத்து, பிறகு 0 டிகிரிக்கு இறக்கியபோது அந்தக் கேடு குறைந்தது. இது வணிகருக்கு நேராகப் பயன்படும் ஆராய்ச்சி.

இரண்டாவது, இலை. சீன மருத்துவத்தில் நெடுங்காலமாக இருமலுக்குப் பயன்படுகிறது. இலையின் அடிப்புறச் சுணை தொண்டையை அறுக்கும் என்பதால் அதை நீக்கியே சேர்ப்பார்கள். இலையில் உள்ள உர்சாலிக் அமிலம், கொரோசாலிக் அமிலம் முதலியவற்றை ஆய்வுக்கூடங்களில் சோதித்து வருகிறார்கள். எலிகளிடம் சர்க்கரை குறைந்தது என்றும் ஆய்வுகள் உண்டு. எலிக்குக் குறைந்தது மனிதருக்கும் குறையும் என்பதற்கு அது சான்றாகாது.

மூன்றாவது, கொட்டை. இதில் கசப்பு வாதுமையில் உள்ள அமிக்டாலின் இருக்கிறது. அரைத்து உண்டால் உடலுக்குள் சயனைடு நஞ்சு வெளிப்படும். ஜப்பானில் இக்கொட்டைத் தூளை உடல்நலப் பொருளாக விற்றார்கள். 2017இல் அதில் சயனைடுப் பொருள் மிகுதியாக இருப்பது தெரிந்து, சரக்கு திரும்பப் பெறப்பட்டது. உண்ண வேண்டாம் என்று அந்நாட்டு வேளாண் அமைச்சகமும் எச்சரித்தது.

பழத்தின் நற்பெயர் கொட்டைக்குப் பொருந்தவில்லை, பாருங்கள். ஆகவே மூலிகைத் தூள் எதுவானாலும், எந்தச் செடி என்று கேட்பதோடு நில்லாமல், எந்தப் பாகம் என்றும் கேளுங்கள். உரிம எண்ணும் தயாரிப்பாளர் முகவரியும் இல்லாத பொட்டலத்தை இறக்காதீர்கள். "சர்க்கரை நோய் தீரும்" என்று விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கமிஷன் எவ்வளவு கூடுதலாகக் கிடைத்தாலும், வாடிக்கையாளர் உயிரைப் பணயம் வைத்து வரும் காசு நமக்கு வேண்டாம்.