கரண்ட் போனா லேண்ட்லைன் ஏன் ஊமையாகுது?

உங்க வீட்டுலயோ ஊர்ல தாத்தா பாட்டி வீட்டுலயோ இன்னும் லேண்ட்லைன் இருக்கா? அதைச் சமீபத்துல ஃபைபருக்கு மாத்தினாங்களா? அப்படின்னா முதல்ல ஒரு சின்ன சோதனை. வீட்டு மெயின் சுவிட்சை அணைச்சுட்டு, ரிசீவரை எடுத்துக் காதுல வையுங்க. டயல் டோன் கேட்டா நிம்மதி. கேட்கலைன்னா இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

எங்க அப்பாயி ஒரத்தநாடு பக்கம் தனியா இருக்காங்க. செல்போன் வாங்கிக் கொடுத்திருக்கோம். ஆனா அவங்க நம்புறது கூடத்துல இருக்கிற லேண்ட்லைனைத்தான். போன வருஷம் அந்தச் செம்புக் கம்பி லைனை எடுத்துட்டு ஃபைபர் போட்டாங்க. நம்பரும் அதே, போனும் அதே. ஒண்ணுமே மாறலைன்னு நினைச்சோம்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தின ஒரு நாள், அப்பாயி கொல்லைப்பக்கம் வழுக்கி விழுந்துட்டாங்க. எப்படியோ நகர்ந்து வந்து ரிசீவரை எடுத்தா, சத்தமே இல்லை. செல்போன் சார்ஜ் இல்லாம அணைஞ்சு கிடந்திருக்கு. ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்தாங்க. நல்லவேளை, மணிக்கட்டு எலும்பு முறிவோட போச்சு. "இத்தனை வருஷமா கரண்ட் இல்லாட்டியும் போன் பேசுமேடா, இப்ப என்ன ஆச்சு?"ன்னு அப்பாயி கேட்டாங்க. மூணாம் வருஷம் ஈ.சி.இ. படிக்கிற எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியல. தேடிப் பிடிச்ச பதில்தான் இது.

பழைய போனுக்குக் கரண்ட் கொடுத்தது யார்?

டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்தான். அங்கே பெரிய பேட்டரி வரிசை இருக்கும், அதுக்குத் துணையா ஜெனரேட்டர் இருக்கும். அங்கிருந்து மைனஸ் 48 வோல்ட் டி.சி., ரெண்டு செம்புக் கம்பி வழியா உங்க வீடு வரைக்கும் வரும். செம்பு அரிச்சுப் போறதைக் குறைக்கத்தான் மைனஸ்.

ரிசீவர் கீழே இருக்கும்போது சர்க்யூட் திறந்திருக்கும், கரண்ட் ஓடாது. எடுத்ததும் சர்க்யூட் மூடும், சில பத்து மில்லி ஆம்பியர் ஓடும். அதை எக்ஸ்சேஞ்ச் கண்டுபிடிச்சு டயல் டோன் அனுப்பும். நீங்க பேசுற மைக்கும் அந்தக் கரண்ட்லயே வேலை செய்யும். கால் வந்தா மணி அடிக்க, அதே கம்பியில ஏ.சி. வோல்டேஜ் அனுப்புவாங்க. அது 75 வோல்ட் அளவுக்கு இருக்கும். மணி அடிக்கும்போது கம்பியைத் தொட்ட லைன்மேனுக்கு ஷாக் அடிச்சது அதனாலதான்.

ஆக, வீட்டுக் கரண்டுக்கும் பழைய போனுக்கும் சம்பந்தமே இல்லை.

ஃபைபர்ல என்ன மாறிச்சு?

ஃபைபர் கண்ணாடி. அதுல ஒளி போகும், கரண்ட் போகாது. அதனால, நாம "மோடம்"னு சொல்ற அந்தப் பெட்டி (சரியான பேர் ஓ.என்.டி.) ஒரு குட்டி எக்ஸ்சேஞ்ச் மாதிரி நடிக்குது. அதோட பின்பக்கம் டெல் அல்லது போன்னு எழுதின ஒரு துளை இருக்கும். பழைய போனை அதுல செருகினா, போனுக்குத் தேவையான வோல்டேஜ், டயல் டோன், மணி எல்லாத்தையும் பெட்டியே உருவாக்கிக் கொடுக்கும்.

குரல் எப்படிப் போகுதுன்னு டிஜிட்டல் கம்யூனிகேஷன் பாடத்துல படிச்சிருப்போம். ஜி.711 முறையில, வினாடிக்கு 8000 சாம்பிள், ஒவ்வொண்ணும் 8 பிட். மொத்தம் 64 கே.பி.பி.எஸ். வழக்கமா 20 மில்லி வினாடிக்கு ஒரு பாக்கெட், அதாவது 160 பைட் குரல். தேர்வுக்காக இதை நான் மனப்பாடமே பண்ணியிருந்தேன். ஆனா எக்ஸ்சேஞ்சோட வேலை வீட்டுச் சுவருக்கு வந்துட்டப்ப அதோட பேட்டரி கூடவே வரலைங்கிறதை யோசிச்சதே இல்லை.

நல்ல செய்தி என்னன்னா, ஃபைபர் வழியில இருக்கிற ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் தேவையில்லை. அந்தப் பக்கம் முனையில இருக்கிற ஓ.எல்.டி.க்குப் பொதுவா பேட்டரி இருக்கும். உங்க இணைப்பு உள்ளூர் ஆபரேட்டர் வழியா வருதுன்னா, அவரோட இடத்துல பேக்கப் எத்தனை மணி நேரம் தாங்கும்னு ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. அது சரியா இருந்தா, மிச்சம் நம்ம வீட்டுப் பெட்டிதான்.

இனி என்ன செய்யணும்?

1. எந்த பிளக்னு பாருங்க. எங்க அப்பாயி வீட்டுல இன்வெர்ட்டர் இருந்துச்சு! கரண்ட் போனாலும் ஃபேன் ஓடும், லைட் எரியும். ஆனா பெட்டியை ஃபிரிட்ஜ் பக்கத்து பிளக்ல மாட்டியிருந்தாங்க. அந்த லைன் இன்வெர்ட்டர்ல இல்லை. எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி நேர வேலை, முடிஞ்சது. இன்வெர்ட்டர் மாறும் நொடியில பெட்டி அணைஞ்சு திரும்ப ஆன் ஆகுதுன்னா, இன்வெர்ட்டர்ல யு.பி.எஸ். மோடு சுவிட்ச் இருக்கான்னு பாருங்க.

2. இன்வெர்ட்டர் இல்லைன்னா மினி யு.பி.எஸ். ரவுட்டருக்குன்னே 12 வோல்ட்ல விக்கிறாங்க. வாங்கும் முன்னாடி கணக்குப் போடுங்க. பெட்டியில 8000 எம்.ஏ.எச்.னு பெருசா போட்டிருக்கும். பெரும்பாலும் அது 3.7 வோல்ட் செல் கணக்கு, 12 வோல்ட் கணக்கு இல்லை. 8 × 3.7 = 29.6 வாட்-அவர். வோல்டேஜை மாத்துறதுல கொஞ்சம் போச்சுன்னா 25 மிஞ்சும். உங்க ஓ.என்.டி. 8 வாட் இழுக்குதுன்னு வெச்சா, 3 மணி நேரம் தாங்கும். காலை 9 முதல் மதியம் 2 வரை கரண்ட் நிறுத்தினா இது போதாது. 40 வாட்-அவர் கைக்கு வர்ற மாதிரி பெருசா வாங்கணும். அடாப்டர்ல எழுதியிருக்கிற வோல்ட், ஆம்பியர், பின் துருவம் மூணும் பொருந்தணும். 9 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் கொடுத்துடாதீங்க.

3. வயர் உள்ள சாதாரண போன் ஒண்ணு வையுங்க. கார்ட்லெஸ் போனோட அடிப்பாகத்துக்கும் தனிக் கரண்ட் வேணும். பெட்டி உயிரோட இருந்தாலும் அந்த போன் செத்துக் கிடக்கும்.

4. பழைய லைனைக் கழட்டிட்டுத்தான் வீட்டு வயரிங்கை இணைக்கணும். மாடி ரூம்லயும் போன் வேணும்னு, ஏற்கெனவே சுவருக்குள்ள ஓடுற வயரைப் பெட்டியோட போன் துளையில இணைக்கலாம். ஆனா வெளியிலிருந்து வர்ற செம்பு ஜோடி முழுசா துண்டிக்கப்பட்டிருக்கணும். எக்ஸ்சேஞ்ச் வோல்டேஜ் அதுல இன்னும் இருந்தா பெட்டியோட போன் சர்க்யூட் போயிடும். சந்தேகம் இருந்தா தொடாதீங்க, லைன்மேனைக் கூப்பிடுங்க.

5. பெரியவங்களுக்குப் புதுப் பழக்கத்தைச் சொல்லிக் கொடுங்க. நம்பர் அழுத்தின பிறகு சில பெட்டிகள் சில வினாடி காத்திருந்துதான் கால் போடும். போன் கெட்டுப் போச்சுன்னு நினைச்சு வெச்சுடுவாங்க. பெட்டி அணைஞ்சு திரும்ப ஆன் ஆனா, போன் விளக்கு நிலையா எரியுற வரைக்கும் சில நிமிஷம் பொறுக்கணும். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைன்ல இருந்து செல்போனுக்கு முன்னாடி 0 சேர்க்கணும். ஸ்பீடு டயல்ல பதிஞ்ச பழைய நம்பர்களையும் சரி பாருங்க.

பிரிட்டனும் செம்பு லைன் சேவையை 2027 ஜனவரிக்குள் மூடத் திட்டமிட்டிருக்கு. அங்கே லேண்ட்லைனையே நம்பி இருக்கிறவங்க, கரண்ட் போனாலும் குறைஞ்சது ஒரு மணி நேரம் அவசர எண்ணைக் கூப்பிட நிறுவனங்கள் வழி செஞ்சு தரணும்னு ஆஃப்காம் சொல்லுது. நம்ம வீட்டுக்கு அதை நாமளே செஞ்சுக்கலாம், பெரிய செலவில்லாம.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மெயின் சுவிட்சை அணைச்சு, லேண்ட்லைன்ல இருந்து உங்க செல்லுக்கு ஒரு கால் போடுங்க. 108-க்குப் போட்டுச் சோதிக்க வேண்டாம். அப்படியே அரை மணி நேரம் விட்டு இன்னொரு முறை போட்டுப் பாருங்க. நான் போன பொங்கலுக்குச் செஞ்சேன். அப்பாயியே ரிசீவரை எடுத்துக் காதுல வெச்சுட்டு, "ம், வருது"ன்னாங்க.